ஒட்டிக் கொடுத்த ஷூ

அந்தமானில், போர்ட் பிளேரில், எங்கள் அலுவலகத்தில் மலை என்றால் நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எல்.டி.சி.யில், அதாவது அரசாங்கம் கொடுக்கும் விடுப்புப் பயணச் சலுகையில், இமயமலைக்குப் போய் ஆறு நாள் நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் மலையேற்றம். அதற்கப்புறம் அந்த ஆறு நாளைப் பற்றி ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். டீ நேரத்தில் யாராவது ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மவுண்ட் ஹாரியட் குன்று ஏறினோம் என்று சொன்னால், என்ன ஷூ போட்டுப் போனீர்கள் என்று கேட்பேன். சாதாரணச் செருப்புதான் என்பார்கள். நான் ஒரு பெருமூச்சு விடுவேன். அந்தப் பெருமூச்சை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இமயமலைக்குப் போட்டுப் போன ஷூவை சென்னையில் வாங்கினேன். கணுக்காலுக்கு மேலே ஏறும் பழுப்புத் தோல் ஷூ. திரும்பி வந்ததும் துடைத்து, பாலிஷ் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் இரும்பு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். இந்தத் தீவுகளில் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த பொருளுக்குத் தனி மரியாதை உண்டு. வாங்கிய கையோடு அதை உபயோகிக்க எங்களுக்கு மனசு வராது. என் மனைவியிடம் விருந்தாளிகளுக்கென்று ஒரு தட்டு செட் இருக்கிறது. இன்றுவரை எந்த விருந்தாளியும் அந்தத் தகுதியை எட்டவில்லை. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு எரியவிடுவோம். துணிமணிக்கும் சர்டிபிகேட்டுகளுக்கும் சேர்த்து என் ஷூவும் அந்த வெளிச்சத்தில் ஒன்பது வருஷம் இருந்தது.

என் மனைவியின் தம்பியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம், எங்களைப் போலவே. மாமனார் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்து லாங் ஐலண்டில் மரம் வெட்டும் கேம்பில் சேர்ந்தார். மைத்துனன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். நாமெல்லாம் ரேஷன் கடைக்குப் போவது போல அவன் காட்டுக்குள் போய் வருவான். பெரியவனானதும் வடக்கே டிக்லிபூரில் சில வருஷம் கான்ட்ராக்டர் வேலை பார்த்தான். அப்போது லீவு நாளெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சாடில் பீக் ஏறுவதுதான் அவன் பொழுதுபோக்கு. இந்தத் தீவுகளிலேயே உயரமான மலை அது. எத்தனை தடவை ஏறினான் என்று கேட்டால் சிரிப்பான், கணக்கு வைத்ததில்லை.

அவன் காலில் எப்போதும் கறுப்பு ரப்பர் ஷூதான். பஜாரில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அது. அடியில் குமிழ் குமிழாக இருக்கும், சேற்றில் பிடிக்கும். பக்கவாட்டில் சின்ன ஓட்டைகள் உண்டு. ஓடையில் இறங்கி ஏறினால் உள்ளே போன தண்ணீர் நாலு எட்டில் வெளியே வந்துவிடும். கேம்பில் மரம் இழுத்தவர்கள், யானைக்காரர்கள், அளவெடுக்கப் போனவர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். அதோடு முழங்கால்வரை நீண்ட சாக்ஸ், அட்டை ஏறாமலிருக்க புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தது. தோளில் ஒரு கம்சா, காட்டில் கயிறாகவும் கட்டுத்துணியாகவும் தலைப்பாகையாகவும் ஆகிற துண்டு. நான் அந்த மொத்தக் கோலத்துக்கும் 'கேம்ப் ஃபேஷன்' என்று பெயர் வைத்திருந்தேன். அவன் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான்.

போன வருஷம், என்னை இமயமலையில் நடத்திக்கொண்டு போன குழுத் தலைவி எனக்கு எழுதினார். இப்போது அவர் சொந்தமாக மலையேற்றக் குழுக்களை நடத்துகிறாராம். அந்தமானிலும் ஆரம்பிக்க ஆசை. சீசன் முழுக்கக் கூட இருக்க, காடு தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், உங்களுக்குத் தெரிந்து யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனன் பெயரைக் கொடுத்தேன். அவன் அப்போது பாம்பூஃப்ளாட்டில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சிமெண்ட் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் வெடித்திருந்தது. விஷயத்தைச் சொன்னபோது அவன் சந்தோஷத்தை வெளியே காட்டாமல், அத்தான், நிசமாவா, என்று இரண்டு தடவை கேட்டான். சாடில் பீக்கில் ஒரு நாள் நடத்திக் காட்டுவது, பிடித்திருந்தால் வேலை என்று முடிவாயிற்று. நானும் லீவு போட்டுக் கூடப் போவதாகச் சொல்லிவிட்டேன். என் ஆள் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் இமயமலை ஷூவை அவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். அந்த ரப்பரைப் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்க முடியாது என்றேன். இரண்டு பேருக்கும் எட்டாம் நம்பர்தான். என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஷூவைத் தொடக்கூட அவளை நான் விட்டதில்லை. அன்று அவள் எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

அந்தத் தயாள குணத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் புதிதாக ஒரு ஜோடி ஷூ ஆர்டர் செய்திருந்தேன். அது கப்பலில் வந்து சேர்ந்துவிட்டது. பழையது அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது கவரைப் பிரித்தேன். தோல் அப்படியே பளபளவென்று இருந்தது. அடியைத் தடவிப் பார்த்தேன். விரலில் என்னவோ உதிர்ந்தது. நகத்தால் லேசாக அழுத்தினேன், காய்ந்துபோன கேக் மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த மாதிரி ஷூவின் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தால் காற்றின் ஈரத்திலேயே செத்துப்போகும். இதை நானே அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். பஜாரில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு தடவை வளைத்துப் பார்த்துவிட்டு, இது முடிஞ்சு போச்சு சாப், புது அடி மெயின்லேண்டில்தான் போட முடியும், என்று ஹிந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு டியூப் பசை வாங்கினேன். மனைவி ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பின்பக்க வராந்தாவில் உட்கார்ந்து, உதிர்ந்ததைச் சுரண்டி, பசை தடவி, மேலே அம்மிக்கல்லை வைத்து அழுத்தினேன். ஒரு நாள்தானே, தாங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். புதிய ஜோடியை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். ரப்பர் ஷூவையே போட்டுக்கொள் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் புதியதை நான் போட்டு நடக்க ஆசைப்பட்டேன். ரப்பரைப் போடச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அடித்த பெருமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் செய்ய எனக்கு மனசில்லை.

ஒரு நாள் பஸ் பயணம் செய்து, மலைக்குப் பக்கத்திலிருக்கும் காலிப்பூரில் ஒரு விடுதியில் தங்கினோம். தலைவியும் அவரோடு மெயின்லேண்டிலிருந்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். விடியுமுன், நான் கொடுத்த ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு பையைக் கட்டும்போது, மைத்துனன் தன் ரப்பர் ஷூவையும் உள்ளே திணிப்பதைப் பார்த்துவிட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டும் அத்தான். ஓடைல இறங்க வேண்டி வரும்லா," என்றான்.

மானத்தை வாங்காதே, அதை இங்கேயே வை, என்றேன். வைத்துவிட்டான். கட்டிலுக்கு அடியில் ஓரமாக, ஜோடியாக வைத்துவிட்டு வந்தான்.

சாடில் பீக் போகிற வழி முதலில் கடலோரமாகப் போகும். பாறைமேல் கொஞ்ச தூரம், பிறகு காடு, பிறகு ஒரே ஏற்றம். பாறைப் பகுதியில் கடல் ஏறிவிட்டால் நடக்க முடியாது. அன்று மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறும், பன்னிரண்டு மணிக்குள் பாறையைத் தாண்டிவிட வேண்டும் என்று முந்தின நாளே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தான். ஏறும்போது அவன் நடத்திய அழகை நான் மறுக்க முடியாது. எங்கே நிற்க வேண்டும், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பிரம்பைத் தொடக்கூடாது என்று திரும்பிப் பார்க்காமலேயே அவனுக்குத் தெரிந்தது. தலைவி ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மலைவாசிகள் நடக்கப் பயன்படுத்திய பழைய சாமான்களைப் பற்றி அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இமயமலையில் புல்லால் பின்னிய செருப்பைக்கூட வரைந்து வைத்திருந்தார். புகையிலை சாக்ஸைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார். இங்கே காட்டில் வேலை செய்தவர்கள் காலில் என்ன போடுவார்கள் என்று அவனிடம் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, அதெல்லாம் மலிவான ரப்பர், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நோட்டை மூடிவிட்டார்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. உச்சியிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு முன்னால் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் அவன். ஈரத் துணியைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

வலது கால் அடி முழுசாகக் கழன்று சேற்றில் கிடந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான், பிரம்பைக் கிழித்துக் கட்டிப் பார்த்தான். பத்து நிமிஷத்தில் இடது காலும் போயிற்று. அப்புறம் வெறுங்கால்தான். சாக்ஸ் வேரிலும் கல்லிலும் மாட்டிக் கிழிந்தது. வெட்டிவிட்ட மூங்கிலின் அடிக்கட்டை ஒன்று குதிகாலில் ஏறியது. அவன் வேகம் குறையக் குறைய எல்லாரும் நின்று நின்று வந்தோம். தலைவி தன் பையிலிருந்த செருப்பை எடுத்து நீட்டினார். அது அவன் பாதத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. என் காலில் புத்தம் புதிய எட்டாம் நம்பர் ஷூ இருந்தது. நான் கழற்றவில்லை. எனக்கு முழங்கால் வலி உண்டு, நான் விழுந்தால் இன்னும் கஷ்டம் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே நடந்தேன்.

பாறைக்கு வந்தபோது ஒரு மணி. கடல் ஏறியிருந்தது. தண்ணீர் வடியும்வரை மேட்டில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டரை மணி நேரம் நனைந்த உடையோடு உட்கார்ந்தோம். அவன் கம்சாவைக் கிழித்துக் குதிகாலைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலைவி அவன் எதிரே வந்து உட்கார்ந்து, கோபமில்லாமல், இந்த ஷூ எங்கே வாங்கியது என்று ஹிந்தியில் கேட்டார்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. போர்ட் பிளேர் பஜாரில், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன் என்றான்.

ஒரு வார்த்தை போதும். நான் கொடுத்தது என்று சொன்னால் முடிந்தது. அவருக்கு என்மேல் மதிப்பு உண்டு, நான் சொன்னால் நம்புவார். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஷூ விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டியா?"

இதைத் தமிழில் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில் சொன்னேன்.

அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து முடிச்சை இறுக்கிவிட்டு, ஆமாம், தப்பு என்னுடையதுதான் என்று அவரிடம் சொன்னான். மெயின்லேண்ட் பையன்களில் ஒருவன் எனக்குப் பிஸ்கட் நீட்டினான். நான் வாங்கித் தின்றேன். அது தொண்டையில் இறங்கியது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

திரும்பும் வண்டியில் தலைவி என்னிடம் தனியாகச் சொன்னார். காடு தெரிந்தவர், நல்ல மனிதர், ஆனால் தன் ஷூவையே சோதித்துப் பார்க்காதவரிடம் பத்துப் பேரை ஒப்படைக்கத் தயக்கமாக இருக்கிறது, இந்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன், அடுத்த சீசனில் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம், அவரிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் புரிகிறது என்றேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். பழசு, மழையில் நனைந்து விட்டுப்போச்சு, அவன் நேரம் சரியில்லை என்றேன். புதுசு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, என்றாள். தோல் புதுசு மாதிரிதான் இருந்தது என்றேன். வராந்தா, அம்மிக்கல், பாறைமேல் நான் பேசியது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. புண் ஆறியதும் மறுபடி பாம்பூஃப்ளாட்டில் சிமெண்ட் குழைக்கப் போய்விட்டான்.

தவக்காலம் வந்தது. கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார், யாருக்குக் குற்றம் செய்தாயோ அவரிடம் போய்ச் சரிசெய் என்றார். அவர் சொன்னதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் மைத்துனனின் முகத்துக்கு நேரே போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலைவிக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. ஆங்கிலத்தில், நீளமாக, ஷூவைக் கொடுத்தது நான், அது செத்துப்போனது என்று தெரிந்தே கொடுத்தேன், அவன்மேல் பழி போட்டேன் என்று எழுதினேன். எழுதி முடித்து இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது. அன்று ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி, இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும் என்று தொடங்கியிருந்தது. அப்படியானால் உங்கள் மைத்துனரும் அன்று எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்றது அடுத்த வரி. மலையில் கயிறு அறுந்தாலும் ஷூ கிழிந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும். உறவுக்காக மறைக்கிறவர் வேறு எதையும் மறைக்கலாம். அடுத்த சீசனுக்கு அவரை எதிர்பார்க்கவில்லை என்று அவரிடம் போனில் தெரிவித்துவிட்டேன் என்று முடித்திருந்தார்.

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. பாராட்டு எனக்கு, தண்டனை அவனுக்கு.

இனி தள்ளிப்போட முடியாது. அடுத்த நாள் வேலை முடிகிற நேரத்தில் சாத்தம் ஜெட்டிக்குப் போனேன். அவன் ஒரு வேலையாக போர்ட் பிளேர் வந்திருக்கிறான், சாயங்கால ஃபெர்ரியில் பாம்பூஃப்ளாட் திரும்புவான் என்று மனைவி சொல்லியிருந்தாள். வரிசையில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முதலுதவிப் பயிற்சி முடித்த சர்டிபிகேட் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த சீசனுக்காக வாராவாரம் வேலையை விட்டுவிட்டு வந்து படித்திருக்கிறான். எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில் நடந்த வகுப்புக்கு வந்து போனவன் ஒரு நாள்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

என்னைப் பார்த்ததும் வரிசையிலிருந்து விலகி வந்தான். அந்த அம்மா போன் பண்ணியதாகச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அன்னைக்கு நீங்கதான் கொடுத்தீயன்னு சொன்னா, உங்களுக்கு அவங்க முன்னால அசிங்கமாப் போயிரும்னு நான் அப்படிச் சொன்னேன். நீங்க சொல்லுவீயன்னு பாத்தேன், சொல்லல. சரி, போட்டும்னு விட்டுட்டேன். ஒரு சீசன்தான போகும்."

ஃபைலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இப்ப எதுக்கு அத்தான் சொன்னீய? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா?"

குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி நின்றான். தூங்க முடியவில்லை, அதனால் சொன்னேன் என்பதுதான் பதில். அதை அவனிடம் சொல்லவில்லை. ஃபெர்ரியில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கோபத்திலும் அந்த ஒரு வார்த்தையை அவன் விடவில்லை.

புதிய ஷூவை நான் அதற்கப்புறம் போடவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். அவன் இன்னும் சிமெண்ட் வேலைக்குத்தான் போகிறான். மனைவிக்கு இன்னும் தெரியாது. யார் பெயரையும் போடாமல் எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்து இதை எழுத உட்கார்ந்தேன். நாலு நாளாக எழுதுகிறேன், மனசு லேசாகிக்கொண்டே வருகிறது. இதையும் அவனிடம் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.